பதினேழாம் வால்வுக்குப் பூசிய சிவப்பு

கலிம்ஜான் சபீரோவ் முப்பத்தோரு வருடமாக என்ன வேலை பார்க்கிறார் என்று மேற்கு சைபீரியாவின் அந்தக் குடியிருப்பில் பாதிப் பேருக்குத் தெரியாது. எரிவாயுக் குழாயின் வால்வுகள் ஒழுங்காகத் திறந்து மூடினால் யார் பேசப்போகிறார்கள்?

செப்டம்பர் பிறந்ததும் ஆரம்பித்துவிடுவார். ஒவ்வொரு வால்வின் அடியிலும் தேங்கிய தண்ணீரை வடிப்பார். விட்டால் மைனஸ் ஐம்பது டிகிரியில் உறைந்து உள்ளே இருக்கும் தகட்டைக் கவ்விக்கொள்ளும். சக்கரத்தைத் தகட்டோடு இணைக்கும் தண்டின் மரையில் ஒட்டிய கோடைக் கிரீஸை வழித்துவிட்டுக் குளிர்காலக் கிரீஸ் தடவுவார். சக்கரத்தைச் சுற்றிக் கொஞ்சம் திறந்து மூடிப் பார்ப்பார். அவர் மனைவி மின்ஸிஃபா மழலையர் பள்ளியில் சமையல்காரி. “என் கையப் புடிச்சதவிட அந்தச் சக்கரத்தப் புடிச்சதுதான் ஜாஸ்தி” என்பாள். அவரும் மறுத்ததில்லை.

அந்த வருடம் வாதிம் அர்காதியெவிச் புதிய தலைமைப் பொறியாளராக வந்து சேர்ந்தார். குளிர்காலத்துக்கு எல்லாம் தயாரா என்று பார்க்க நகரத்திலிருந்து ஆய்வுக்குழு வருவதாக இருந்தது. குழு வருகிறது என்றால் பெயின்ட் அடிக்க வேண்டும். இங்கே அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. குழாய்க்கு மஞ்சள், வால்வுக்குச் சிவப்பு. கலிம்ஜான் அப்போதுதான் கிரீஸ் தடவிய தண்டு, மரை எதுவும் தப்பவில்லை. காவல் நாய் மட்டும் ஓடிப்போய்த் தப்பித்தது.

பதினேழாம் வால்வின் முன்னால் கலிம்ஜான் குறுக்கே நின்றுகொண்டார்.

“தண்டுல பெயின்ட் பட்டா குளிர்ல இறுகிடும், வாதிம் அர்காதியெவிச்.”

“மத்ததெல்லாம் ஜொலிக்குது. இது மட்டும் கன்னங்கரேல்னு நிக்குது. குழு என்னய்யா நெனைக்கும்?”

“தெறக்கும்னு நெனைக்கும்.”

“அவங்க தெறந்து பாக்க வரல. பாத்துட்டுப் போக வர்றாங்க.”

பார்த்துவிட்டுப் போனார்கள். பதினாறாம் வால்வு ‘முன்மாதிரி’ ஆனது. பதினேழுக்கு ‘தோற்றத்தில் அலட்சியம்’ என்று குறிப்பு எழுதினார்கள். கலிம்ஜான் பெயருக்கு ஒரு கண்டன அறிவிப்பு வந்து, தொழிலாளர் உணவகத்தின் அறிவிப்புப் பலகையில் ஏறியது. தினமும் சூப்பைக் குடித்தபடியே அவர் அதைப் படித்தார்.

ஜனவரியில் ஒரு நாள் மதியம் மைனஸ் ஐம்பத்திரண்டு. குடியிருப்புக்கே வெந்நீர் அனுப்பும் கொதிகலன் கூடத்துக்குப் போகும் எரிவாயுக் குழாய்க்குள் பனிக்கட்டி அடைத்துக்கொண்டது. அடைப்பைச் சுற்றிப் போக இரண்டு கிளைக் குழாய்கள் உண்டு. ஒன்றில் பதினாறாம் வால்வு, மற்றதில் பதினேழு. இரண்டு மணி நேரத்துக்குள் ஒன்றையாவது திறக்காவிட்டால் வீடுகளில் வெந்நீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்கும்.

மின்ஸிஃபா போனில் கூப்பிட்டாள். “ரேடியேட்டர் ஆறிப்போச்சுய்யா. அறுபது பிள்ளைங்களுக்கும் கோட்டு மாட்டிவிட்டாச்சு. அடுத்து என்ன பண்ண?”

“பாட்டு பாடச் சொல்லு. சூடு வந்துட்டிருக்கு.”

பொறியாளர் முன்மாதிரியிடம்தான் முதலில் ஓடினார். சக்கரத்தில் இரும்புக் குழாயை நெம்புகோலாகச் சொருகி மூன்று பேர் தொங்கினார்கள். கடைசியில் சக்கரமே உடைந்து கையோடு வந்தது. தண்டிலிருந்து பெயின்ட் மட்டும் ஒரு பொட்டு உதிரவில்லை. ரொம்பத் தரமான பெயின்ட்.

கலிம்ஜான் பதினேழின் சக்கரத்தைப் பிடித்தபோது அவருக்குப் பயமாகத்தான் இருந்தது. இத்தனை வருடம் திறந்தது இன்றைக்குப் பார்த்துக் காலை வாரிவிட்டால்? முதல் இழுப்புக்கு அசையவில்லை. இரண்டாவதற்கு முனகியது. பிறகு சுற்றியது. குழாய்க்குள் எரிவாயு பாயும் சத்தம் கேட்டதும் அவர் பனியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் உணவகத்தில் வாதிம் அர்காதியெவிச் அவர் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“அந்தக் கண்டனத்த எடுக்க முடியாது. கையெழுத்தாகி நகரத்துக்குப் போயிடுச்சு.”

“இருக்கட்டும். எடுத்தா பலகை வெறிச்சுன்னு கெடக்கும்.”

அடுத்த செப்டம்பரில் மறுபடியும் குழு வந்தது. அதற்கு முந்தின நாள் பொறியாளர் பள்ளிச் சமையலறை வாசலில் நின்றார்.

“மின்ஸிஃபா, பிள்ளைங்க படத்துக்கு அடிக்கிற சிவப்புக் கலர் இருக்கா? தண்ணி ஊத்தினா போயிடணும்.”

நான்கு புட்டி கொடுத்தாள். மீசை அளவு தூரிகையை வைத்துக்கொண்டு, பதினேழாம் வால்வின் தண்டுக்கு அவரே மண்டியிட்டுப் பூசினார்.

குழு அதைச் சுற்றிச் சுற்றி வந்து பாராட்டியது. ‘முன்மாதிரி’ச் சான்றிதழ், பலகையில் கண்டனத்துக்குப் பக்கத்திலேயே ஏறியது. குழுவின் வண்டி சாலையில் மறைந்ததும் கலிம்ஜான் துணியையும் கிரீஸ் டப்பாவையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். வெந்நீர் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனது தலைமைப் பொறியாளர்.