பையின் மேல் இருந்த பெயர்

என் அக்கா கேவ்தாவுக்குப் பயம் கூடவே பிறந்தது. இடி இடித்தால் அடுப்பை அணைத்துவிடுவாள். வடக்குத் தாய்லாந்தின் லம்பூன் சந்தையில் பன்றிக்கறி சுட்டு விற்கிற எங்கள் கடையில் நெருப்பருகே நிற்கிறவளும் அவள்தான், நெருப்புக்குப் பயப்படுகிறவளும் அவள்தான். புருஷன்காரன் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்ச் சேர்ந்தான். மிஞ்சியது ஒரே மகள். அதற்கோ தலசீமியா, ரத்தம் சரியாக ஊறாத நோய். அடுத்தவர் ரத்தம் ஏற்றினால்தான் பிள்ளை எழுந்து நடமாடும்.

அவளை ஃபாய் என்போம். பள்ளிக்கூடத்திலும் ஃபாய், ஆஸ்பத்திரியிலும் ஃபாய்தான். காகிதத்தில் இருக்கிற முழுப்பெயரை எங்கள் ஊரில் யார் வாயால் கூப்பிடுகிறார்கள்? அந்தக் காகிதப் பெயர் ரட்சனி.

சியங்மாய் ஆஸ்பத்திரியில் புது வைத்தியம் ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று எங்களைக் கூப்பிட்டார்கள். டாக்டர் விபாவான் எங்களை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார்.

"ரத்தம் ஊறுற மூலச் செல்களை ஃபாய்கிட்டேர்ந்து எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புவோம். மரபணு இழையில ஒரே ஒரு இடத்தைத் தேடிப்போய் வெட்டுற மாதிரி அங்க ஒரு புரதம் செஞ்சிருக்காங்க. அது ரெண்டு பாதி. அந்த இடத்துக்கு ரெண்டு பக்கமும் ரெண்டும் சரியா உக்காந்து கைகோத்தாத்தான் வெட்டு விழும். ஒண்ணு மட்டும் போய் ஒட்டினா ஒண்ணும் ஆகாது."

"வெட்டிட்டு?" என்றேன்.

"வயித்துல இருக்கிறப்ப குழந்தைக்கு வேற மாதிரி ரத்தம் ஊறும். பிறந்தப்புறம் உடம்பு அதை நிறுத்திடும். நிறுத்துற அந்த இடத்தைத்தான் வெட்டுறோம். செல்லு அதை ஒட்டவெச்சுக்கும், ஆனா பழையபடி ஒட்டாது. அப்புறம் நிறுத்த முடியாது. அந்தக் குழந்தை ரத்தம் மறுபடி ஊறும்."

அக்காவுக்குக் காதில் விழுந்தது ஒரே வார்த்தைதான். "வேற எடத்துல வெட்டிட்டா?"

டாக்டர் பூசி மெழுகவில்லை. "அபூர்வமா நடக்கலாம்மா. சோதிச்சுப் பார்த்துட்டுத்தான் அனுப்புவாங்க. ஆனா நடக்கவே நடக்காதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

அன்றோடு அக்காவின் தூக்கம் போயிற்று. கறி கருகினாலும் தெரியாமல் நிற்பாள். "கண்ணு இல்லாத கத்திடி அது, எம்புள்ள உடம்புக்குள்ள விடச் சொல்றியே" என்று என்மேல் பாய்வாள். முடிவு எடுத்தது ஃபாய்தான். "ஊசி குத்திக் குத்திக் கை சல்லடையாச்சும்மா. வேணாம்னு மட்டும் சொல்லிடாத" என்றாள். அக்கா அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டாள்.

செல்கள் போயின. மாசக்கணக்கில் காத்திருந்தோம். வெட்டு சரியான இடத்தில் விழுந்திருக்கிறது என்று சேதி வந்தது. பின்னாலேயே அந்தச் செல்கள் அடைத்த சின்னப் பை ஒன்றும் வந்து, ஆஸ்பத்திரியின் உறைகுளிர்த் தொட்டிக்குள் போயிற்று. அதன் பிறகுதான் ஃபாயைத் தனியறையில் படுக்கவைத்து, எலும்புக்குள் இருந்த பழைய மஜ்ஜையை மருந்தால் கருக்கினார்கள். இனி அவளுக்குச் சொந்தமாக ரத்தம் ஊறாது. அந்தப் பை உள்ளே போனால் பிழைப்பாள், போகாவிட்டால் இல்லை. இதை டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஆனால் அந்த அறைக்கு வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தபோதுதான் எனக்கு அது உறைத்தது.

தலைமுடி கொட்டிவிட்டது. வாயெல்லாம் புண், எச்சில்கூட விழுங்க முடியவில்லை. உடம்பை விட்டு உயிர் அலையாதபடி மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டுவது எங்கள் வழக்கம். அக்கா நூலோடு போனாள். கிருமி ஒட்டும் என்று தலைமை நர்ஸ் சுப்ரானி வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார். அக்கா வெறுங்கையோடு திரும்பினாள். மறுநாள் அவளைக் காணவில்லை. சாயங்காலம் வந்தவள் முகத்தில் கொஞ்சம் தெளிச்சி. எங்கேயோ கும்பிடப் போயிருப்பாள் என்று நானும் விட்டுவிட்டேன்.

பை ஏற்றுகிற நாள் வந்தது. முகமூடி, அங்கி, கையுறையெல்லாம் மாட்டிக்கொண்டு அக்காவும் நானும் உள்ளே நின்றோம். பையை உருக்கும் முன்னால் இரண்டு நர்ஸுகள் தனித்தனியாகப் பெயரைச் சரிபார்க்க வேண்டும். இளைய நர்ஸ் பையைப் பார்த்தாள், ஃபாயின் கைப்பட்டையைப் பார்த்தாள், மறுபடி பையைப் பார்த்தாள்.

"பையில ரட்சனி. கைப்பட்டையில தன்யபோன்னு பேரு இருக்கு."

சுப்ரானி வாங்கிப் பார்த்தார். "நிறுத்து. யாரோட பை இது? உருக்காத, உள்ள வை!"

இத்தனை தூரம் வந்து இன்னொருத்தர் பிள்ளையின் பையா? அப்படியானால் எங்கள் பை எங்கே? திரும்பி அக்காவைப் பார்த்தேன். முகமூடிக்கு மேலே தெரிந்த கண்ணே சொல்லிவிட்டது.

"அடிப்பாவி, என்ன பண்ணித் தொலைச்ச?"

"பேரை மாத்திட்டேன்" என்றாள். "பிறந்த கிழமைக்கு ஆகாத பேராம். அதான் சீக்குங்குறாரு கோயில்ல பெரிய பிக்கு. நூலு கட்ட விடல, நான் வேற என்னடி செய்வேன்? தாலுகா ஆபீஸ்ல மாத்தி, கீழ கவுன்ட்டர்லயும் சொல்லிட்டேன். யாருமே கூப்பிடாத பேருதானேன்னு..."

கவுன்ட்டர்காரர் ஒழுங்காக வேலை பார்த்திருக்கிறார். புதுப் பெயரில் புதுப் பட்டையும் வந்து ஃபாய் கையில் ஏறிவிட்டது. ஃபாய், ஃபாய் என்றே கூப்பிடுகிற கூட்டத்தில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

சுப்ரானி டாக்டரை வரவழைத்தார். பெயர் மாற்றிய சான்றிதழைப் பார்த்தார்கள், அடையாள எண்ணை ஒத்துப் பார்த்தார்கள், எங்கெங்கோ போன் போட்டார்கள். கடைசியில் சுப்ரானி அக்காவிடம் வந்தார். "எண் ஒத்துப்போகுதும்மா. ஆனா பையில இருக்கிற பேரு உங்க பொண்ணுதுன்னு நீங்க வாயால சொல்லணும். நாங்க ரெண்டு பேரும் கேக்கணும்."

அக்கா மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"சொல்லேன்க்கா!"

"பழைய பேரை இனிமே வாயால எடுக்காதன்னாரு பிக்கு. எடுத்தா, அந்தப் பேரோட விட்டுப்போன சீக்கு திரும்பி வந்துடுமாம்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அறைந்திருப்பேன். ஆனால் அவள் உடம்பு நடுங்கியதில் அங்கி சரசரத்தது. நான் சொல்கிறேன் என்றேன். பெற்றவள்தான் சொல்ல வேண்டும் என்றார்கள். ஃபாய் கண்ணை மூடிக் கிடந்தாள். உதட்டில் ரத்தம் காய்ந்திருந்தது. அவளுக்குள் ஒன்றுமே ஊறாமல் நேரம் போய்க்கொண்டிருந்தது. கத்திக்குப் பயந்து இவள் செய்த காரியமே பிள்ளைக்குக் கத்தியாகிவிட்டதே.

"ரட்சனி" என்றாள் அக்கா. அவள் முகமூடியைத் தாண்டிக்கூட அது வரவில்லை.

"எனக்குக் கேக்கலம்மா" என்றாள் இளைய நர்ஸ், பாவம்போல.

அக்கா ஒருமுறை வாசலைப் பார்த்தாள். ஏதோ அங்கே வந்து நிற்கிறது போல, வாசலுக்கும் கட்டிலுக்கும் நடுவே போய் நின்றுகொண்டாள். பிறகு சந்தையில் கூவுகிற தொண்டையில் கத்தினாள்.

"ரட்சனி! எம்பொண்ணு ரட்சனி!"

கட்டிலிலிருந்து குரல் வந்தது. புண் வாயிலிருந்து, தேய்ந்து போய்.

"என்னம்மா?"

அக்கா திரும்பவில்லை, வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இருக்கியாடி?" என்றாள்.

"இருக்கேன்."

சுப்ரானி பையை எடுத்து வெந்நீர்த் தொட்டியில் போட்டார்.