அம்மா சொன்ன பெயர்

எனக்கு இரண்டு பெயர். ரங்கூன் தமிழர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அப்படித்தான்: அடையாள அட்டைக்கு ஒரு பர்மியப் பெயர், வீட்டுக்கும் கோயிலுக்கும் ஒரு தமிழ்ப் பெயர். இருபத்திரண்டு வயதில் நான் ஹெராயினில் விழுந்து கிடந்தபோது, அம்மா என்னை அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். பதிவு மேசையில் பெயர் கேட்டார்கள். பதற்றத்தில் அவள் வாயில் வந்தது வீட்டுப் பெயர். அதையே எழுதிக்கொண்டார்கள்.

பழக்கத்தை விட்டு ஒன்பது வருஷம் ஆனபின், மிங்கலாடோன் விமான நிலையத்தில் சரக்கு வண்டி ஓட்ட ஆள் எடுத்தார்கள். ரங்கூனின் தின்கன்ஜூன் பகுதியில் டாக்ஸி ஓட்டி அலுத்திருந்த எனக்கு அந்த வேலைமேல் ஒரே வெறி. விமானம் நிற்கும் இடம்வரை போகவேண்டும் என்பதால், அரசாங்கத்தின் பாதுகாப்பு விசாரணை முடிந்து பாஸ் வந்தால்தான் வண்டியைத் தொடமுடியும். விண்ணப்பப் பாரத்தில் இரண்டு கேள்விகள் என்னை முறைத்தன. வேறு பெயர் உண்டா? போதைப்பொருள் எப்போதாவது பயன்படுத்தியதுண்டா?

அம்மாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "அன்னிக்கு அந்தப் பேர சாமிதான்டா என் வாயில வர வச்சிருக்கு. அட்டையில இருக்கற பேருக்கு ஒரு கறையும் இல்ல. ரெண்டுக்கும் இல்லேன்னு எழுதிட்டு வா."

எனக்குக் கோபம்தான் வந்தது. மடியில் கனமிருந்தால் வழியில் பயம். விமான நிலையத்தில் யாராவது வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்க்காமல் நடக்கவேண்டும். விஷயம் தெரிந்த ஒரு கடத்தல்காரன் அதை வைத்தே என்னை ஆட்டிவைக்கலாம். பவுடர் என்னை ஆட்டிவைத்தது போதாதா? இரண்டுக்கும் ஆம் என்று எழுதினேன்.

விசாரணை அதிகாரி பாரத்தை இரண்டு தடவை படித்தார். "நீங்க எழுதலேன்னா இது எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார் பர்மிய மொழியில்.

"தெரியும், சயா" என்றேன். 'ஐயா' என்பதற்குப் பர்மியச் சொல் அது.

"இந்த வருஷம் பாஸ் கிடையாது. பன்னிரண்டு மாசம் மூத்திரப் பரிசோதனை பண்ணி, சீட்டோட வாங்க. அப்பவும் கிடைக்கும்னு நான் சொல்லமாட்டேன்."

"வலியப் போய் வம்ப விலைக்கு வாங்கிட்டு வந்திருக்கான்" என்று அம்மா மூன்று நாள் சுவரிடம்தான் பேசினாள். எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் மாதம் தவறாமல் அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒருகாலத்தில் நான் நடுங்கியதுபோல நடுங்கிக்கொண்டிருந்தவர்களோடு வரிசையில் நின்றேன். மேசையில் என் இரண்டு பெயரையும் சத்தமாகவே சொன்னேன்.

மறுவருஷம் அதே அதிகாரி, அதே பாரம். பன்னிரண்டு சீட்டையும் புரட்டிவிட்டு, "இப்ப சுத்தமாத்தானே இருக்கு. அந்தக் கேள்விக்கு இல்லேன்னே போட்டுக்கலாமே" என்றார். அன்பாகச் சொன்னாரா, ஆழம் பார்த்தாரா, இன்றுவரை தெரியாது.

"எப்போதாவதுன்னுதானே கேட்டிருக்கு, சயா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் ஆம் என்றே எழுதினேன்.

இரண்டு மாதத்தில் பாஸ் வந்தது. மேலே அட்டைப் பெயர், அதன் கீழே சின்ன எழுத்தில் வீட்டுப் பெயர். அம்மாவுக்குப் பர்மிய எழுத்து தெரியாது.

"இதுல எதுடா நான் வச்ச பேரு?"

அவள் விரலைப் பிடித்து இரண்டாவது வரியில் வைத்தேன். அவள் விரலை எடுக்கவே இல்லை.

"ஆஸ்பத்திரியில சொன்னேனே, அந்தப் பேரா?"

"அதே பேருதாம்மா."