நீச்சல் குளக்கரையில் கருட சேவை

எங்கள் வீட்டில் எல்லாரும் ஒன்றாகச் சேர்வது சாவு வீட்டில் மட்டும்தான் என்பது என் தம்பியின் கண்டுபிடிப்பு. சிங்கப்பூரில் இருக்கிறவன், அதனால் அவன் வாயிலிருந்து வருவதெல்லாம் எங்களுக்குக் கண்டுபிடிப்புதான். பெரியப்பா காரியத்துக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போனவன் அங்கிருந்து போன் போட்டான். "அண்ணா, ஒரு தடவையாவது நாம சந்தோஷமா சேரணும். யாரும் சாகாம." பெரியப்பா ஏதோ எங்களை ஒன்று சேர்க்கவே உயிரை விட்ட மாதிரி.

சரி, எங்கே சேர்வது? அவன் பிறந்த வீடு சின்ன காஞ்சிபுரத்தில் இன்னும் அப்படியேதான் நிற்கிறது. கீழே என் மாவு மில், மாடியில் நானும் என் வீட்டுக்காரியும். "அங்க வந்தா பசங்களுக்கு இருமல் வருதுண்ணா. மாவு பறக்குது" என்றான். அந்த மாவைத் தின்றுதான் ஆறடி வளர்ந்தான்.

அவன் முடிவு செய்திருந்தது பாலித் தீவு. கடலோரம் ஒரு ரிசார்ட், நாலு நாள், செலவெல்லாம் அவனுடையது. தேதியைச் சொன்னதும் சுவரில் தொங்கிய காலண்டரைத் திருப்பிப் பார்த்தேன். வைகாசித் திருவிழா நடுவில் விழுகிறது. அங்கே மூன்றாம் நாள் விடிந்தால் இங்கே கருட சேவை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அன்று இருட்டு விலகுவதற்குள் வரதராஜப் பெருமாள் கருடன் மேல் ஏறிக் கோபுர வாசலுக்கு வந்து நிற்பார். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் ஒரு வருஷமும் விட்டதில்லை. ஊரடங்கு சமயத்தில் பெருமாளே வீதிக்கு வரவில்லை, அது எங்கள் கணக்கில் சேராது. என் வீட்டுக்காரிக்கு இன்னொரு விரதமும் உண்டு. அன்றைக்குப் பெருமாளைச் சேவிக்கிற வரைக்கும் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. அவளுக்கு சர்க்கரை வியாதி வந்த பிறகும் அதை விடவில்லை. இங்கே இருந்தால் விடிவதற்குள் சேவித்துவிட்டு வந்து இட்லி தின்று மாத்திரை போட்டுக்கொள்வாள். அங்கே?

தம்பியிடம் சொன்னேன். அவனிடம் பதில் தயாராக இருந்தது. "பாலி ஃபுல்லா நம்ம மாதிரி இந்துங்கதாண்ணா. எங்க திரும்பினாலும் கருடன்தான். உனக்கு அங்க தினமும் கருட சேவை."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பெரம்பூரிலிருக்கும் எங்கள் அக்கா அதற்குள் கடற்கரைக்குப் போட ஒரு தொப்பி வாங்கிவிட்டாள். என் வீட்டுக்காரியும், "ஆசையா கூப்பிடறாரு, போலாங்க. பெருமாள் பாத்துக்குவாரு" என்றாள். விமானம் மேலே ஏறின பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "அவரு நம்மள பாத்துக்குவாரு, சரி. நாம அவரை எங்கங்க போய்ப் பாக்கறது?"

தம்பி பொய் சொல்லவில்லை. ரிசார்ட்டுக்குள் நுழைந்ததும் நீச்சல் குளத்தோரம் கருங்கல்லில் ஆளுயரக் கருடன், மேலே பெருமாள். இரண்டு இறக்கையும் விரிந்து கம்பீரமாகத்தான் இருந்தது. ஒரு இறக்கையில் மூன்று துண்டு காய்ந்தது. இன்னொன்றில் யாரோ ஒரு வெள்ளைக்காரருடைய நீச்சல் ஜட்டி.

"பாத்தியாண்ணா?" என்றான் தம்பி பெருமையாக.

"பாத்தேன். அலங்காரம், சாத்துப்படி எல்லாம் பிரமாதம்."

அவனுக்கு அது காதில் விழவில்லை. எல்லாருக்கும் ஒரே நிறத்தில் பனியன் அடித்துக் கொண்டுவந்திருந்தான். நெஞ்சில் 'ஒரே குடும்பம்' என்று இங்கிலீஷில். அதை என் வீட்டுக்காரி புடவைக்கு மேலேயே மாட்டிக்கொண்டாள், மில்லில் தையல் பிரிந்த கோதுமை மூட்டை மாதிரி இருந்தது. நானும் போட்டேன். எனக்குத் தொப்பையில் 'குடும்பம்' இரண்டாகப் பிரிந்தது. எல்லாரும் இதைப் போட்டுக்கொண்டு நீச்சல் குளத்தோரம் போட்டோ எடுக்க வேண்டுமாம். எப்போது என்றால் மூன்றாம் நாள் காலையில். தம்பிக்கு நாள் பார்க்கும் ராசி அப்படி.

மறுநாள் விடிந்ததும் அக்கா போட்ட சத்தத்தில் நான் வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டே ஓடினேன்.

"டேய், எவளோ வெச்சிட்டாடா!"

அவள் அறை வாசலில் தென்னங்குருத்தில் முடைந்த சின்னத் தட்டு ஒன்று. அதில் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் பூ, நாலு பருக்கை சோறு, புகையும் ஊதுவத்தி, நடுவில் ஒரு பிஸ்கட்.

"செய்வினைடா இது."

"செய்வினையில பிஸ்கட் வைப்பாங்களாக்கா?"

"வெளிநாட்டு செய்வினைடா. அங்கெல்லாம் அப்படித்தான்." குரலைத் தாழ்த்தினாள். "நேத்து அவகிட்ட, ஏம்மா தாலிய கழட்டி பீரோவுல வெச்சிட்டு வந்தியான்னு கேட்டேன் இல்ல? மூஞ்சி மாறிச்சு, நான் கவனிச்சேன்." அவ என்றால் தம்பி மனைவி. "அவ வாசல்ல இருக்குதா போய்ப் பாரு."

போய்ப் பார்த்தேன். அங்கேயும் ஒன்று இருந்தது. வந்து சொன்னேன்.

"பாத்தியா? சந்தேகம் வரக் கூடாதுன்னு தனக்கும் வெச்சிக்கினா!"

எங்கள் அறை வாசலிலும் இருந்தது. சாப்பாட்டுக் கூடத்து வாசலில், கருடன் காலடியில், பைக் நிறுத்துகிற இடத்தில்கூட இருந்தது. தம்பி மனைவிக்கு அவ்வளவு நேரம் ஏது, பாவம், அவள் எழுந்திருக்கவே வெயில் வந்துவிடும். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. டீ வைத்திருக்கும் மேசையிலிருந்து எலுமிச்சம்பழம் கொண்டுவந்து, எங்கள் எல்லார் தலையையும் சுற்றி, தன் வாசலிலேயே காலால் நசுக்கினாள். தம்பி பிள்ளைகள் இரண்டும் அதைப் போனில் படம் பிடித்தன.

கொஞ்ச நேரத்தில் ரிசார்ட்டில் வேலை செய்யும் பெண் ஒருத்தி வந்தாள். இடுப்பில் லுங்கி மாதிரி ஒரு துணி, அதன்மேல் மஞ்சள் கச்சை, கையில் தட்டு நிறையப் பூ. நசுங்கிக் கிடந்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்தாள். குனிந்து துடைத்தாள். புதுத் தட்டு ஒன்றை வைத்து, ஊதுவத்தி ஏற்றி, ஒரு பூவைத் தண்ணீரில் தோய்த்துத் தெளித்து, புகையைக் கையால் மேலே தள்ளிக் கண்ணை மூடினாள்.

என் வீட்டுக்காரி பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஏங்க, அது பூஜைங்க" என்றாள்.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றாள் அக்கா.

மூன்றாம் நாள் காலை. நம்ம ஊருக்கு முந்தியே அங்கே விடிந்துவிடுகிறது. பனியன் போட்டுக்கொண்டு எல்லாரும் குளத்தோரம் கூடிவிட்டோம். என் வீட்டுக்காரி முந்தின ராத்திரி சாப்பிட்டதோடு சரி.

"அக்கா, காபியாவது குடிங்க. போட்டோல பேஸ் டல்லா வரும்" என்றாள் தம்பி மனைவி அவளிடம்.

"டிபன் ரூம் வாடகையில சேந்தது அண்ணி. நேரமானா மூடிடுவான்" என்றான் தம்பி. அவனுக்கு அவன் கவலை.

நான் ஒரு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் வந்திருந்தேன். அடுத்த வீட்டு ஜரிகைக் கடைக்காரர் கோபுர வாசலில் நின்று வீடியோ காலில் காட்டுவதாகச் சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரிக்கு அதில் நம்பிக்கை இல்லை. "போன்ல சோத்தைக் காட்டினா வயிறு ரொம்புமா?" என்று கேட்டவள்தான். இருந்தாலும் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கால் வந்தது. முதலில் ஜரிகைக் கடைக்காரரின் கட்டைவிரல் தெரிந்தது. பிறகு ஊரில் உள்ள எல்லாருடைய பின்மண்டையும். தீவட்டி, மேளச் சத்தம், தூரத்தில் குடை. பக்கத்தில் வர வர என் கண்ணில் தண்ணீர் கட்டியது. சரியாக அந்த நேரத்தில் பெருமாளுக்கு முன்னால் குடைகள் சாய்ந்து மறைத்தன.

அது ஒவ்வொரு வருஷமும் நடப்பதுதான். முன்னொரு காலத்தில் சோளிங்கரில் ஒரு அடியாருக்கு வயசாகிவிட்டதால் கருட சேவைக்கு வர முடியாமல் போனதாம். அங்கே குளத்தங்கரையில் நின்று அவர் அழ, வரதர் அங்கேயே போய்க் காட்சி கொடுத்தாராம். அதற்காக இன்றைக்கும் கோபுர வாசலில் ஒரு கணம் குடையால் மறைப்பார்கள். அந்த ஒரு கணம் பெருமாள் இங்கே இல்லை, சோளிங்கரில் இருக்கிறார். அப்புறம் குடை விலகும்.

எங்களுக்கு விலகவில்லை. படம் அப்படியே உறைந்துவிட்டது. சிக்னல் போச்சு.

"குடை தெரியுது இல்ல? குடைக்குப் பின்னாடிதான் அவரு இருக்காரு. அவ்வளவுதாண்ணா, சேவிச்சாச்சு. சாப்பிட வாங்க" என்றான் தம்பி.

என் வீட்டுக்காரி எழுந்திருக்கவில்லை. அவள் நெற்றியில் வேர்த்திருந்தது. போனைப் பிடித்திருந்த விரல் நடுங்கியது. சர்க்கரை இறங்கினால் அவளுக்கு அப்படித்தான் ஆகும், எனக்குத் தெரியும். "ஒரு சாக்லேட்டாவது வாயில போடும்மா" என்று கெஞ்சினேன். "இருங்க" என்றாள். அதற்கு மேல் பேச அவளிடம் தெம்பில்லை.

எனக்கு எல்லார் மேலும் கோபம் வந்தது. தம்பி மேல், பனியன் மேல், சிக்னல் மேல். பெருமாளையும் விடவில்லை. சோளிங்கருக்குப் போகத் தெரிந்தவருக்கு இவளுக்காக ஒரு எட்டு வரத் தெரியாதா? என்ன செய்வதென்று புரியாமல் எழுந்துபோய்க் கருடன் இறக்கையில் கிடந்த துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்து நாற்காலியில் வைத்தேன். ஜட்டிக்குச் சொந்தக்காரர் தண்ணீருக்குள்ளிருந்து ஏதோ கத்தினார். கரைக்கு வரச் சொல்லி அவர் கையிலேயே கொடுத்தேன். பனியனில் 'ஒரே குடும்பம்' என்று படித்துவிட்டு அவர் திரும்பவும் தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். அது எந்தக் குடும்பமோ என்று பயந்திருப்பார்.

அந்தப் பெண் பூத்தட்டோடு வந்தாள். வெறுமையாக இருந்த இறக்கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிலைக்குப் பின்னால் ஒரு குடை மடக்கிச் சாத்தியிருந்தது. வெயிலுக்கு வைத்த ஓட்டல் குடை என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதை எடுத்துப் பெருமாளுக்குப் பக்கத்தில் செருகி விரித்தாள். வெள்ளைக் குடை, ஓரமெல்லாம் குஞ்சலம்.

என் வீட்டுக்காரி எழுந்து நின்றாள்.

பூ வைத்து, ஊதுவத்தி காட்டி, அந்தப் பெண் தண்ணீர் தெளித்து முடித்தபோது இவள் போய் வலது கையைக் குவித்து நீட்டினாள், கோயிலில் தீர்த்தத்துக்கு நீட்டுகிற மாதிரி. அந்தப் பெண் ஒரு நிமிஷம் விழித்தாள். பிறகு பூவைத் தோய்த்து, சொட்டுச் சொட்டாக அந்தக் கையில் விட்டாள். இவள் "வரதா" என்று குடித்துவிட்டு ஈரக் கையைத் தலையில் தடவிக்கொண்டாள்.

"ஏங்க, பசிக்குது. மாத்திரை எடுத்துத் தாங்க."

சோளிங்கர் அடியாருக்குக் குளத்தங்கரை. எங்களுக்கு நீச்சல் குளத்தங்கரை. அவர் பக்திக்கு அது, எங்கள் யோக்கியதைக்கு இது. நான் குறை சொல்லவில்லை.

"நான் அப்பவே சொன்னேன் இல்லண்ணா?" என்றான் தம்பி. அக்கா எல்லாரையும் இடித்துக்கொண்டு முன்னால் வந்து, "டேய், எனக்கும் கொஞ்சம் விடச் சொல்லுடா" என்று கையை நீட்டினாள். எலுமிச்சம்பழம் நசுக்கின அதே அக்காதான்.

டிபன் கூடம் மூடவில்லை. என் வீட்டுக்காரி இரண்டாவது ரொட்டியைப் பிய்க்கும்போது போன் உயிர் பெற்றது. பெருமாள் வாசலைத் தாண்டிவிட்டார், கூட்டத்தின் முதுகுதான் தெரிந்தது.

"நல்லா தெரிஞ்சுதாக்கா? போனைத் தூக்கித் தூக்கிக் கையே விட்டுப்போச்சு" என்றார் ஜரிகைக் கடைக்காரர்.

"எங்களுக்கு ஆச்சுப்பா. நீ சேவிச்சியா?" என்றாள் என் வீட்டுக்காரி.

அந்தப் பக்கம் மேளச் சத்தம் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.

"இல்லக்கா. போனையே பாத்துக்கினு இருந்துட்டேன்."

"அய்யய்யோ, அதைத் தூக்கிப் பையில போடுப்பா! பெருமாள் கங்கைகொண்டான் மண்டபம் தாண்டறதுக்குள்ள ஓடு!"

போட்டார். படம் கறுப்பாகிவிட்டது. ஆனால் காலைத் துண்டிக்க மறந்துவிட்டார். அவர் ஓடுவதும் மூச்சு வாங்குவதும் 'வரதா' என்று ஜனம் கூப்பிடுவதும் சட்டைப் பைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. என் வீட்டுக்காரி போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, அவர் போய்ச் சேருகிற வரைக்கும் ரொட்டியை மெல்லாமல் காத்திருந்தாள்.