இறுகிப்போன ஸ்டீரிங்

தாமிரபரணிக் கரையில் ஒரு மில்லில் நான் மெக்கானிக்காக இருந்தேன். தொண்ணூறுகளில், கெஸ்ட் ஹவுஸ் புல்வெளிக்கென்று மேலே உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டும் வண்டி ஒன்றை வாங்கினார்கள். அதை ஓட்டியவர் நெட்டையான மனிதர், அதிகம் பேசமாட்டார். செருப்பைப் புல்லோரம் கழற்றி வைத்துவிட்டுத்தான் வண்டியில் ஏறுவார்.

ஒருநாள் காலையில் என்னிடம் வந்தார். "ஸ்டீரிங் இறுகிக் கெடக்குவே. திரும்ப மாட்டேங்கு."

முன்சக்கரங்களுக்குக் காற்றடித்தேன். ஸ்டீரிங் பல்சக்கரத்தில் அடைந்திருந்த புல்லைச் சுரண்டியெடுத்து கிரீஸ் வைத்தேன். நான் உட்கார்ந்து திருப்பியபோது ஒற்றைக் கைக்கே சுழன்றது. அவர் ஓட்டியபோது வண்டி நேராகப் போய்ச் செம்பருத்திச் செடியில் முட்டி நின்றது. அப்போதுதான் கவனித்தேன். அவருடைய விரல்கள் மடங்கவே இல்லை. உள்ளங்கைகளால்தான் ஸ்டீரிங்கைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"கையில என்ன அண்ணாச்சி?"

"கையில ஒண்ணுமில்ல. வண்டியிலதான் கோளாறுன்னு மேனேஜர்ட்ட சொல்லும்வே."

அப்படியே சொன்னேன். புது ஸ்டீரிங் கியர் வந்தது, மாட்டினேன். மேனேஜர் பார்த்துக்கொண்டிருக்க, அவர் தோளைச் சாய்த்து முழுப் பலத்தோடு தள்ளினார். வண்டி திரும்பவில்லை. மேனேஜர் ஆபீசுக்குப் போய்விட்டார்.

அவர் மெதுவாக இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றார்.

"இதுவும் இறுக்கமாத்தான் இருக்கு, என்னவே?"

"ஆமா அண்ணாச்சி, ரொம்ப இறுக்கம்."

தலையாட்டிவிட்டு பஸ்ஸுக்குப் போனார். பிறகு வேலைக்கு வரவில்லை. நான் சொன்னதை அவர் நம்பினாரா, எனக்காகத் தலையாட்டினாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.