கிரேன் அக்காவின் இடது கை

எலும்பு முறிவு வார்டில் அவளுக்குப் பெயர் கிரேன். டாக்டர்கள் கொஞ்சம் மரியாதை சேர்த்து ‘கிரேன் அக்கா’ என்பார்கள். கட்டிலிலிருந்து ஸ்ட்ரெச்சருக்கு, ஸ்ட்ரெச்சரிலிருந்து எக்ஸ்ரே மேஜைக்கு, அங்கிருந்து மறுபடி கட்டிலுக்கு என்று கால் ஒடிந்தவர்களையும் இடுப்பு நொறுங்கியவர்களையும் தூக்கி மாற்றுவது அவள் வேலை. பெயரைக் கேட்டு ஆளைத் தேடி வருகிறவர்கள் அவளைத் தாண்டிப் போய்விடுவார்கள். குள்ளம். கட்டைக் கழுத்து. நடை மட்டும் சொந்த வீட்டுக்குள் நடப்பதுபோல் இருக்கும்.

அந்தப் பலம் சின்ன வயதில் வீட்டுக்குத் தலைகுனிவாக இருந்தது. தண்ணீர் டிரம்மை அவள் ஒற்றை ஆளாக நகர்த்தினால் அம்மா முதலில் ஜன்னலைச் சாத்துவாள், பிறகு திட்டுவாள். “மெதுவாடி. நாலு பேரு பாத்தா உன்னை எவன் கட்டுவான்?” கல்யாணமான அன்றும் காதோடு காதாக அதையேதான் சொல்லி அனுப்பினாள்: “அங்க போயி எதையும் ஒத்தையாத் தூக்கிடாத.”

புருஷன் தையல்காரர். ஒல்லிக் குச்சி. புது வீட்டின் மாடிப்படியில் தையல் மிஷினை ஏற்ற இரண்டு ஆண்கள் பாதிப் படியில் நின்று, நீ விடு, நான் பிடிக்கிறேன் என்று ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டிருந்தார்கள். அவள் கொஞ்ச நேரம் கைகட்டிப் பார்த்தாள். அம்மாவின் பேச்சு காதில் இருந்ததே தவிரக் கை கேட்கவில்லை. இருவரையும் விலக்கிவிட்டு மிஷினைத் தூக்கிக்கொண்டு மேலே போனாள். கீழே நின்றவர்கள் வாயைப் பிளந்து அண்ணாந்து பார்த்தார்கள். போச்சு என்று நினைத்தாள். புருஷன் மூச்சு வாங்கிக்கொண்டே மேலே வந்து சொன்னார்: “நான் ஊசியில நூல் கோக்கறவன். இனிமே இந்தத் தூக்கற சமாச்சாரமெல்லாம் உன் இலாகா.” அன்றைக்குத்தான் அந்த மனிதரை அவளுக்குப் பிடித்துப்போனது.

ஆஸ்பத்திரியில் அவள் சேர்ந்தது தரை துடைக்க. ஒரு நாள் குளியலறையில் வழுக்கி விழுந்த கனத்த மனிதரை எப்படித் தூக்குவது என்று ஊழியர்கள் மாநாடு நடத்திக்கொண்டிருந்தார்கள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, அவர் தலைப்பக்கம் போய் உட்கார்ந்து, அக்குளுக்கு அடியில் இரண்டு கைகளையும் கொடுத்து எழுந்தாள். அதோடு துடைப்பம் போயிற்று. இரண்டு பேர் தூக்கும்போது கனமெல்லாம் தலைப்பக்கம்தான். அந்தப் பக்கம் நிற்பவருக்குத்தான் “எடு” என்று சொல்லும் உரிமை. இருபது வருஷத்துக்கு மேலாக அந்த உரிமை அவளிடமே இருந்தது. கால்பக்கம் நிற்பவன் நெட்டை. அவனும் அவளும் பேசிக்கொள்ளாமலே மூச்சை ஒன்றாக இழுப்பார்கள்.

அவளுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. தூக்கப்படுகிறவர் உடம்பில் விரல் பதியக் கூடாது. முழங்கையால் ஏந்த வேண்டும். உள்ளங்கை திறந்தே இருக்க வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு அவள் சொல்வது ஒன்றுதான்: “ஏற்கெனவே ஒடிஞ்சு வந்திருக்காங்க. உன் அடையாளத்தையும் ஏன் அவங்க மேல குத்தற?”

பிறகு புது நிர்வாகம் வந்தது, புது விதியோடு. தூக்கும் வேலையில் இருக்கும் எல்லோருக்கும் தசை பலமும் தாங்கும் சக்தியும் சோதிக்கப்படும். ஒன்றில் தவறினாலும் உட்கார்ந்து பார்க்கும் வேலை. அவளுக்கு அது வாசல் மேஜை, பார்வையாளர்களுக்குச் சீட்டுக் கொடுக்கும் இடம். சம்பளம் அதேதான். “கசக்குதா? உக்காந்து சம்பளம்!” என்றான் நெட்டை. அவள் அவனை முறைத்தாள்.

சோதனை, பிசியோதெரபி அறையில். பிசியோ சின்னப் பையன், நல்ல பையன், பேசும்போது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பான். முதலில் நாற்காலி. கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு அரை நிமிஷம் உட்கார்ந்து உட்கார்ந்து எழ வேண்டும். அவள் எழுந்த வேகத்தில் நாற்காலிதான் மூச்சு வாங்கியது. அடுத்தது சுவர். முதுகைச் சுவரில் சாய்த்து, முழங்காலை மடக்கி, அடியில் நாற்காலி இருப்பதுபோல் வெற்றுக் காற்றில் உட்கார வேண்டும். தாக்குப்பிடிக்கும் வரை. நெட்டையின் தொடை வெடவெடவென ஆட ஆரம்பித்தது.

“ஏன்டா, பஸ்ல சீட்டு கெடைக்காதவன் மாதிரி தவிக்கற?” என்றாள் அவள், பக்கத்தில் அதேபோல் உட்கார்ந்துகொண்டு.

“சிரிக்க வைக்காதக்கா, விழுந்துடுவேன்.”

விழுந்தான். அதற்குள் தேவையான நேரம் தாண்டியிருந்தது. அவள் அப்படியே இருந்தாள். பிசியோ “போதும், எனக்கே கால் வலிக்குது” என்று எழுப்பிவிட்டான்.

கடைசியில் கைப்பிடி. உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் இரும்புப் பிடி, மேலே வட்ட முகம், முள், சிவப்புக் கோடு. “எவ்வளவு முடியுமோ அவ்வளவு இறுக்குங்க. ரெண்டு கையும் கோட்டைத் தாண்டணும்.”

அவள் இறுக்கினாள். முள் தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல் கொஞ்சம் அசைந்து நின்றது. அறையில் யாரோ சிரித்தார்கள்.

“அக்கா, விளையாடாதீங்க.”

“அமுக்கிட்டுத்தான் இருக்கேன் தம்பி.”

“இது இரும்பு. இதுக்கு வலிக்காது.”

மறுபடி முயன்றாள். தோள் தயார், முழங்கை தயார், மணிக்கட்டு வரை எல்லாம் தயார். விரல்களுக்கு வந்ததும் பலம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுவிட்டது. மூன்றாவது முறையும் அதே கதை. இத்தனை வருஷம் எதையும் நசுக்காமல் இருக்கப் பழகிய விரல்கள், ஒரு சின்னப் பையன் சொன்னான் என்பதற்காக ஒரே நாளில் மாறிவிடுமா?

சோதனையைப் பார்க்க வந்திருந்த மேட்ரன், தேறவில்லை என்று எழுதப் போனாள். பிசியோதான் குறுக்கே விழுந்தான். “மேடம், இவங்களுக்குப் பலம் இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். இறுக்கவே இல்லை. ஒரு வாரத்துல மறுபடி வைக்கலாம்னு விதியிலயே இருக்கு.” அப்புறம் அவளிடம் திரும்பித் தாழ்ந்த குரலில் சொன்னான்: “அக்கா, ஏந்தறதுக்கு முழங்கை போதும். ஆனா ஆள் நழுவும்போது பிடிக்கறது விரல்தான். அதுக்குத்தான் இந்த சோதனை.”

வெளியே வந்ததும் ஊழியர்கள் சூழ்ந்துகொண்டார்கள். மெஷின் கோளாறு என்று ஒரு மனு எழுதுவோம், எல்லோரும் கையெழுத்துப் போடுகிறோம் என்றார்கள்.

“மெஷின் சரியாத்தான் இருக்கு. என் கைதான் சொன்ன பேச்சு கேக்கல. அதுக்கு எதுக்கு அந்த இரும்பு மேல பழி?” என்று போய்விட்டாள்.

வீட்டில் ஈரத் துணி எல்லாவற்றையும் முறுக்கினாள். புருஷனின் பெரிய கத்தரிக்கோலை வெறும் காற்றில் திறந்து மூடினாள். அவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தன் கையை நீட்டினார்.

“இந்தா. இதை இறுக்கு.”

“உங்க கையையா? நாளைக்கு யார் தைக்கறது?”

“எத்தனை வருஷமாச்சு. ஒரு தடவையாவது என் கையை நீ இறுக்கிப் பிடிச்சிருக்கியா? பஞ்சைத் தொடற மாதிரியே தொடுவ. நான் என்ன கட்டுப் போட்டுப் படுத்திருக்கற பேஷன்டா?”

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பிடித்தாள். முதலில் பஞ்சைப் போல. “இன்னும்,” என்றார். “இன்னும். பயந்தாங்கொள்ளி, இன்னும்.” அந்தச் சொல் எங்கோ தைத்தது. விரல் மூடியது.

“ஐயோ! விடு! விடுடி, தாயே!”

அவர் கையை உதறிக்கொண்டு அறையைச் சுற்றி வந்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கண்ணில் நீர் வரச் சிரித்தவர் அவர்தான். “அம்மாடி! இதைப் போயி இத்தனை நாளா பூட்டி வெச்சிருந்தியே.”

வாரக் கடைசியில் மறுபடி பிசியோ அறை. இந்த முறை அவளும், பிசியோவும், நெட்டையும் மட்டும். வலது கை. முள் துள்ளிச் சிவப்புக் கோட்டைத் தாண்டி ஓடியது. நெட்டை விசில் அடித்தான்.

இடது கை. விரல்கள் இப்போது சொன்ன பேச்சைக் கேட்டன. முழுக்க மூடின. பல்லைக் கடித்தாள். கட்டை விரலின் அடியில் ஓர் ஊசி குத்தியது. முள் ஏறியது, கோட்டை நெருங்கியது, அங்கேயே நடுங்கி நின்றது. இன்னொரு முறை. அதே இடம். மூன்றாவது முறை, அதற்கும் கீழே.

இப்போது விரலின் பழக்கத்தைச் சாக்காகச் சொல்ல முடியாது. கையில் இருந்ததே அவ்வளவுதான்.

பிசியோ கண்ணாடியைக் கழற்றினான். கதவைப் பார்த்தான். “அக்கா... இது ஒரு நூல் வித்தியாசம். நான் கோட்டைத் தொட்டுதுன்னு போட்டுடறேன். யாருக்கும் தெரியாது.”

நெட்டை “போடுங்க சார்” என்றான் உடனே.

அவள் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். போன மாதம் ஒரு லாரி டிரைவரைத் தூக்கும்போது அவர் தோள் இடது கைப்பக்கம் இறங்கியது. வியர்வையில் வழுக்கியது என்று நினைத்துக்கொண்டாள். அன்றைக்கு எதற்காக நெட்டை கால்பக்கத்திலிருந்து பாய்ந்து வந்து முட்டுக்கொடுத்தான்?

“டேய் நெட்டை. உனக்குத் தெரியும்ல?”

அவன் தரையைப் பார்த்தான். “கொஞ்ச நாளாவே, அக்கா.”

“ஏன்டா சொல்லல?”

“எப்படிச் சொல்றது? நீ கிரேனு.”

அவளுக்குக் கோபம் வந்தது. அவன்மேலா, கைமேலா, அந்தப் பெயர்மேலா என்று தெரியவில்லை. பிசியோவைப் பார்த்துச் சொன்னாள்: “இருக்கறத எழுதுங்க தம்பி. நான் தலைப்பக்கம் நிக்கறவ. நழுவினா கீழ போறது உங்க பேனா இல்ல, ஒருத்தரோட மண்டை.”

மேட்ரன் தன் அறையில் இதமாகத்தான் பேசினாள். “இங்க பாரும்மா, வயசுன்னு ஒண்ணு இருக்கு. எவ்வளவு நாள் தூக்கியாச்சு! இனிமேயாவது நிம்மதியா உக்காரு.”

“வயசுக்காகவா மேடம் மாத்தறீங்க? இடது கைக்காகத்தானே?”

“ரெண்டும் ஒண்ணுதானே.”

“இல்ல மேடம். வயசு திரும்பி வராது. கை வரும்.” பிறகு கேட்டாள்: “மறுபடி எப்ப சோதனை வைப்பீங்க?”

“ஆறு மாசம் கழிச்சுக் கேக்கலாம். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல.”

“நான் கேக்கறேன். இப்பவே கேட்டு வெச்சுக்கறேன்.”

வாசல் மேஜைக்குப் போனாள். அங்கே மெத்தை வைத்த நாற்காலி ஒன்று அவளுக்காகக் காத்திருந்தது. அதைச் சுவரோரம் தள்ளிவிட்டு நின்றபடியே சீட்டுக் கொடுக்கத் தொடங்கினாள். மேட்ரன் போகிற வழியில் “உக்காரும்மா” என்றாள். “உக்காரணும்னு விதி இருக்கா மேடம்?” விதி இல்லை. நாளடைவில் அந்த நாற்காலியில் வந்து போகிறவர்களெல்லாம் உட்கார்ந்து அழுதார்கள், செருப்பு மாட்டினார்கள், குழந்தைக்குப் பால் கொடுத்தார்கள். அவள் மட்டும் உட்காரவில்லை. மேஜைக்கு அடியில் பிசியோ கொடுத்த ரப்பர் பந்து அவள் இடது கையில் சுருங்கி விரிந்துகொண்டிருந்தது. கட்டை விரலுக்கு அவன் வெந்நீர் ஒத்தடமும் சுற்றிக் கட்ட ஒரு பட்டையும் சொல்லியிருந்தான். வலித்தால் நிறுத்த வேண்டும் என்றும் சொல்லியிருந்தான். அந்த ஒன்றில் மட்டும் அவள் கொஞ்சம் ஏமாற்றினாள். அவன் கண்டுபிடித்துத் திட்டினான். பிறகு ஒழுங்காக நிறுத்தினாள்.

ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்கள் அவளைக் கடந்து போகும்போது வேறு பக்கம் பார்த்தார்கள். சிலருக்குப் பரிதாபம். ஒருவன் மட்டும் “என்ன கிரேனு, துருப் பிடிச்சுப் போச்சா?” என்றான்.

“துரு பிடிச்சா எண்ணெய் போடுவாங்க. உன் வாய்க்கு என்ன போடறதாம்?” என்று சீட்டைக் கிழித்து நீட்டினாள்.

நெட்டைக்கு ஒரு புது ஆள் ஜோடி சேர்ந்தான். “எப்படி இருக்கான்?” என்று ஒரு நாள் கேட்டாள். “பலம் இருக்கு. நிதானம் இல்ல,” என்றான் நெட்டை. “நிதானம் வரும். நீ அவனுக்கும் பயந்துகிட்டு வாயை மூடிட்டு நிக்காத,” என்றாள்.

ஆறு மாதம் கழிந்த காலையில் அவளே போய்ப் பிசியோ அறைக் கதவைத் தட்டினாள். மேட்ரன் வந்து நின்றாள். வேடிக்கை பார்க்க நாலைந்து பேர். பிசியோ கருவியை எடுத்து வழக்கம்போல் வலது கைக்கு நீட்டினான்.

“அது வேண்டாம். அதுக்குத்தான் பதில் தெரியுமே. இடதுல ஆரம்பிங்க.”

முழங்கையை உடம்போடு ஒட்டினாள். மூச்சை இழுத்தாள். விரல்கள் ஒவ்வொன்றாக இரும்பின் மேல் படிந்தன, கட்டை விரல் கடைசியாக. பிறகு மூடினாள். முள் ஏறியது. போன முறை நின்ற இடத்தில் நின்றது. யாரோ பின்னால் ‘ச்சு’ கொட்டினார்கள். அவள் அந்தச் சத்தம் வந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள், கையைத் தளர்த்தாமல். முள் கோட்டைத் தொட்டது. தாண்டியது.

“ஆச்சு! ஆச்சு அக்கா, தாண்டிடுச்சு!” பிசியோவின் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. “போதும், விடுங்க.”

அவள் விடவில்லை. நெற்றியில் வியர்வை அரும்பியது. முன்கையில் நரம்பு எழுந்து நின்றது. முகம் மட்டும் வாசலில் சீட்டுக் கொடுக்கிற முகம்போல் சாதாரணமாக இருந்தது. மேட்ரன் பேனா மூடியைத் திறந்தபடி நின்றாள்.

“அக்கா, விடுங்கன்னா...”

“இருங்க தம்பி,” என்றாள். “இன்னும் இருக்கு.”