காப்பித்தூள் சோதனை

கொரோனா இரண்டாவது அலை அடித்த அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் பொழுது விடிவதே மோப்பம் பிடிப்பதில்தான். பல் தேய்த்துவிட்டு வந்ததும் என் வீட்டுக்காரரும் மகளும் அடுப்படியில் கண்ணை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். நான் காப்பித்தூள் டப்பாவை முதலில் என் மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு அவர்கள் மூக்குக்கு நேராகக் காட்டுவேன். மணம் வருகிறது என்று இருவர் வாயாலும் கேட்ட பிறகுதான் பாலை அடுப்பில் வைப்பேன். மணம் தெரியாமல் போவதுதான் முதல் அடையாளம் என்று பக்கத்துப் போர்ஷன்காரி சொல்லியிருந்தாள். காய்ச்சல் பார்க்கும் கருவி வாங்கப் போனால் கடையில் இல்லை. காப்பித்தூள் இருந்தது.

மகள் இதை ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டாள். எனக்கு அது விளையாட்டில்லை. அவளுக்குச் சின்னதிலிருந்தே வீசிங். பனிக்காலம் வந்தால் நெஞ்சில் பூனை கத்துகிற மாதிரி சத்தம் வரும். நல்ல நாளிலேயே அவளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஓடியிருக்கிறோம். இப்போது ஆட்டோவும் இல்லை, போனால் படுக்கையும் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். நெடுஞ்சாலையில் ஜூஜுவாடி எல்லைப் பக்கம் போகிற ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் அவள் முதுகில் காதை வைத்துக் கேட்பேன். 'என்னம்மா, விடும்மா' என்று அவள் நெளிவாள்.

ஊரே அடைந்து கிடக்க, இவர் மட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அவர் இருப்பது பிளேட்டிங் செக்‌ஷனில். பித்தளைச் சாமான்களை அமிலத் தொட்டியில் முக்கி எடுத்து முலாம் ஏற்றுகிற வேலை. ஆக்சிஜன் சிலிண்டர் வால்வுக்கும் அங்கேதான் முலாம் போடுகிறார்கள் என்பதால் கம்பெனிக்கு அனுமதி கிடைத்துவிட்டது. அவருக்கு அதில் ஒரு பெருமை. ஊருக்கெல்லாம் மூச்சு கொடுக்கப் போகிறாராம். 'இங்க ஒரு பிள்ளைக்கு மூச்சு நிக்காம இருந்தா போதும்' என்று நான் முணுமுணுப்பேன். ஷிப்ட் முடிந்து வந்தால் வெளிக் குழாயடியிலேயே குளித்து, துணியைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைக்கலாம். அது என் சட்டம்.

நாங்கள் கோவில்பட்டிப் பக்கம். கல்யாணமான கையோடு மத்திகிரிக்கு வந்து, கால்நடைப் பண்ணைக்குப் பின்னால் இந்த லைன் வீட்டில் குடியேறியவர்கள். இரண்டே அறை, வெளியே மூன்று போர்ஷனுக்கும் பொதுவாக ஒரு கக்கூஸ். காற்று திரும்பினால் பண்ணைச் சாணி நாற்றம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு திட்டுவேன். அவர் மட்டும் முகம் சுளிக்காமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார். இந்த மனுசனுக்கு எவ்வளவு பொறுமை என்று அக்கம்பக்கத்தில் நானே மெச்சிப் பேசியிருக்கிறேன்.

ஒரு நாள் காப்பித்தூள் தீர்ந்துவிட்டது. கடை திறக்க நேரமிருந்தது. சோதனையை ஒரு நாள் விட்டால் என்ன என்று தோன்றவில்லை, அந்த அளவுக்கு அது எனக்குப் பூஜை மாதிரி ஆகியிருந்தது. கைக்குக் கிடைத்த பெருங்காய டப்பாவைத் திறந்து மகளிடம் நீட்டினேன். அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். அடுத்து இவர். கண்ணை இறுக மூடி, நெஞ்சு நிறைய இழுத்தார்.

"ம். காப்பித்தூள் நல்லா மணக்கு" என்றார்.

மகள் சிரித்தாள். நானும் முதலில் சிரிக்கத்தான் போனேன். அவர் கண்ணைத் திறந்து டப்பாவைப் பார்த்தபோது முகம் போன போக்கில் என் சிரிப்பு நின்றுவிட்டது. டப்பாவை மறுபடி மூக்கோடு ஒட்டி வைத்து என்ன தெரிகிறது என்று கேட்டேன். ஒன்றும் தெரியவில்லை என்றார். மகளின் கையைப் பிடித்து இழுத்து என் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டேன்.

"இது அது இல்ல. எனக்கு மூக்கு செத்து ரொம்ப வருசமாச்சு" என்றார் அவர்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ரொம்ப வருசமாம். நேற்று வரைக்கும் ரசம் தெருமுனை வரைக்கும் மணக்கிறது என்று சொன்ன வாய் இது. கருவாட்டுக் குழம்பு வைத்தால் வாசலில் நின்றே 'இன்னைக்குக் கருவாடா' என்று கேட்கிறவர். வேலைக்கு லீவு போட மனசில்லாமல், டெஸ்டுக்குப் போகப் பயந்துகொண்டு பொய் சொல்கிறார் என்று அடித்துப் பேசினேன். அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார். அப்படிப் போனதையே நான் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொண்டேன்.

அதன்பிறகு அடுப்படியும் அதை ஒட்டிய பின்வாசலும் எங்களுக்கு, முன்னறை அவருக்கு. தட்டை வாசற்படியில் வைத்துத் தள்ளிவிடுவேன். வீட்டுச் சொந்தக்காரம்மாவுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்பது இன்னொரு பயம். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிற விவசாயக் குடும்பம், நல்ல மனுசிதான், ஆனால் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டைத் தகரம் வைத்து அடைத்ததைப் பார்த்த நாளிலிருந்து யார் இருமினாலும் எட்டிப்பார்ப்பார். இவர் கக்கூஸுக்குப் போய் வந்தால் யார் கண்ணிலும் படாமல் நான் பின்னாலேயே ஓடி பினாயில் ஊற்றிக் கழுவுவேன். அந்தப் பினாயில் நெடியே எங்களைக் காட்டிக்கொடுத்துவிடும் போலிருந்தது.

மறுநாள் மத்தியானம் மகள் இருமினாள். செல்போனில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது; டீச்சர் ஏதோ கேட்க, பதில் சொல்லும் முன் இரண்டு இருமல். அவ்வளவுதான். போனைப் பிடுங்கி வைத்துவிட்டு வீசிங்குக்கு மருந்துப் புகை பிடிக்கும் மிஷினை மாட்டிவிட்டேன். எனக்கு ஒண்ணுமில்லைம்மா என்று அவள் முகமூடிக்குள்ளிருந்து கெஞ்சினாள். நான் கேட்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தவரைப் பார்த்து, பிள்ளைக்கு ஏதாவது ஆனால் நான் மனுசியாக இருக்க மாட்டேன் என்று கத்தினேன். கொஞ்ச நேரம் கழித்து, பக்கத்து வீட்டு சைக்கிளை வாங்கிக்கொண்டு அவர் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்.

டெஸ்ட் எடுத்த நர்ஸம்மா மூக்குக்குள் குச்சியை விட்டதும் ரத்தம் வந்ததாம். உள்ளே புண்ணாகிக் கிடக்கிறதே, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டாராம். வந்து கதவுக்கு வெளியே நின்று சொன்னார். முடிவு போனில் வந்தது: நோய் இல்லை. மகள் குதித்தாள். எனக்கு நிம்மதி வரவில்லை. இல்லை என்று வந்து, பிறகு மூச்சு முட்டிப் போனவர்கள் கதை எத்தனை கேட்டிருந்தேன். மணம் இன்னும் வரவில்லையே. அப்படியென்றால் நோய் உள்ளேதான் இருக்கிறது. நான் கதவைத் திறக்கவில்லை.

இவரோடு வேலை பார்க்கிற தருமபுரிக்காரப் பையன் அந்த வார முடிவில் வந்தான். பையன் என்று பேர், முப்பது வயது இருக்கும். அண்ணன் திங்கட்கிழமை ஷிப்டுக்கு வருவாரா என்று சூப்பர்வைசர் கேட்டு அனுப்பினாராம். வாசல் கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். இவர் வருவதற்குள் நான் முந்திக்கொண்டு போய், உங்கள் அண்ணனுக்கு மணமே தெரியவில்லை, எப்படி வேலைக்கு அனுப்புவது என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன். அவன் கண்ணில் பயம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவன் என்னை விநோதமாகப் பார்த்தான்.

"தொட்டிகிட்ட நிக்கற யாருக்குமே மூக்கு வேல செய்யாதுக்கா. எனக்கே பூண்டும் ஒண்ணுதான், பினாயிலும் ஒண்ணுதான். அண்ணன் எங்களுக்கெல்லாம் சீனியர், அவருக்கு எப்பவோ போயிருக்கும். உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. அதை அவனிடம் சொல்லவில்லை. அவன் போனதும் உள்ளே வந்து முன்னறைக் கதவை விரியத் திறந்தேன். மகளைக் கூப்பிட்டு அவர் மடியில் உட்காரச் சொன்னேன். அழுதுகொண்டே சிரித்தேன். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, அவருக்கும் ஒன்றுமில்லை. அவ்வளவு சந்தோஷத்தை நான் பிரசவத்துக்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன். புருசனின் மூக்கை ஒரு தொட்டி தின்றுவிட்டது என்ற சேதியைக் கேட்டு, கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் பாத்திரம் கழுவும்போதுதான் அது உறைத்தது. குளித்துவிட்டு வந்ததும் அவர் ஒரு நடை அடுப்படிக்குள் எட்டிப்பார்ப்பார். வெட்டுப் பலகையில் என்ன கிடக்கிறது, குப்பைக் கூடையில் எந்தத் தோல் கிடக்கிறது என்று ஒரு பார்வை. பசி என்று நினைத்திருந்தேன். கருவாடு வாங்கும் நாளில் அவர்தான் பணம் கொடுத்து அனுப்புவார். பிறகு வாசலில் நின்று மணக்கிறது என்பார். இத்தனை வருசமாக என் சமையலை அவர் கண்ணால் மோந்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் அந்த வேலையை விடு என்பாய், விட்டால் வேறு எங்கே போவது என்றார். எனக்குக் கோபப்படத் தெம்பில்லை.

வேறு செக்‌ஷன் கேளுங்கள் என்றேன். ஆளைக் குறைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் போய்க் கேட்டால் வீட்டிலேயே இருந்துகொள் என்பார்கள் என்றார். அதுவும் உண்மைதான். போகாதீர்கள் என்று ஒரு நோய்க்குப் பயந்து கதவைச் சாத்தி வைத்தவள், திங்கட்கிழமை காலையில் எழுந்து அவருக்குச் சோறு கட்டினேன். அதே தொட்டிக்குத்தான் போகிறார் என்று தெரிந்தே கட்டினேன். என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு டிபன் பாக்ஸை வாங்கினார். எப்போதும் அடுப்படிக்குள் எட்டிப்பார்க்கிறவர் அன்று பார்க்கவில்லை.

"இன்னைக்கு என்ன கொழம்பு?" என்று கேட்டார்.

பூண்டுக் குழம்பு என்றேன். கல்யாணமாகி இத்தனை வருசத்தில் என்ன குழம்பு என்று அவர் என்னைக் கேட்ட முதல் தடவை அது. பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நின்றார்.

"மணமா இருக்கா?"

"இருக்குங்க" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்கு நடந்தார்.