வாயைத் திறக்காத பிள்ளை

கஹவத்தைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஐந்து வயது மகளுக்குக் கடல் காட்டச் சிங்கள ஊரான காலிக்குப் போனேன். "அங்க போயி தமிழ்ல வாயத் திறக்காத" என்று பஸ்ஸிலேயே சொல்லிவைத்தேன்.

அமைதியான துறைமுகத் தெருவில் கறுவாப்பட்டை விலை கேட்டுவிட்டுத் திரும்பினால் பிள்ளையைக் காணோம். பக்கத்திலேயே கடல். "துவே, துவே" என்று சிங்களத்திலேயே மகளைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினேன்.

என் உச்சரிப்பிலேயே தமிழ் என்று கண்டுகொண்ட கடைக்காரப் பெண் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "வீட்டுல கூப்பிடுற மாதிரி கூப்பிடுங்க" என்றாள் சிங்களத்தில்.

"பாப்பா, அம்மா இங்க இருக்கேன்டி" என்று நடுத்தெருவில் அலறினேன். அடுத்த சந்திலிருந்து மகள் ஓடி வந்தாள்.

"யாரு புள்ளன்னு எல்லாரும் கேட்டாங்கம்மா. நீங்க சொன்னீங்கன்னு நான் வாயே தொறக்கல."

திரும்பும்போது, "சத்தமாவே பேசு பாப்பா" என்றேன். அவள் முதலில் பஸ்ஸில் இருந்தவர்களின் முகங்களைப் பார்த்தாள். அந்தப் பார்வையைக் கற்றுக்கொடுத்தவள் நான்.